புள்ளிப் பட்டியலும் பிள்ளையின் தகுதியும்

விளையாட்டில் திறமை காட்டும் பிள்ளையை எந்தப் பள்ளியில், எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்ற கேள்விக்கு இன்று பெரும்பாலும் எண்களே விடை சொல்கின்றன. எந்தப் பள்ளி எத்தனை தங்கம் வாங்கியது, எந்த மாவட்டம் எத்தனை புள்ளி எடுத்தது, எந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் தேசிய முகாமுக்குப் போனார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்துப் பெற்றோர் முடிவெடுக்கிறார்கள். பள்ளிகளும் அதே வழியில் பிள்ளைகளைத் தேடுகின்றன. சப் ஜில்லா மீட்டிலும் மாவட்ட மீட்டிலும் வென்றவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து அழைக்கிறார்கள்.

இந்த ஒப்பீட்டுக்குள் மூன்று தத்துவக் கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஓர் எண்ணைக் கொண்டு ஒரு நிறுவனத்தைப் பற்றி எதை அறிய முடியும் என்பது முதல் கேள்வி. அந்த நிறுவனம் பெற்ற வெற்றிக்கு உண்மையில் யார் காரணம் என்பது இரண்டாவது. அந்த வெற்றி, சேரப்போகும் பிள்ளைக்கு நன்மையா என்பது மூன்றாவது. இவை ஒன்றோடொன்று கலந்துவிடுவதால்தான் புள்ளிப் பட்டியல் பெற்றோரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது. இந்தக் கேள்விகளுக்கு இந்தியத் தருக்க மரபிலும் தமிழ்ச் சமய நூல்களிலும் நேரடியாகப் பயன்படும் கருவிகள் உண்டு.

களம்: பாலக்காடும் இடுக்கியும்

கேரளத் தடகளத்தின் வரலாற்றில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் தனி இடம் உண்டு. 1982 டெல்லி ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்ற எம்.டி. வல்சம்மா, பாலக்காடு மெர்சி கல்லூரியில் பயிற்சியாளர் ஏ.கே. குட்டியிடம் உருவானவர். தொடுபுழாவில் பிறந்த ஷைனி ஆபிரகாம் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதி வரை சென்றார். இடுக்கி மாவட்டத்தின் கே.எம். பீனாமோள் 2002 புசான் ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். அதே போட்டியில் அவருடைய தம்பி கே.எம். பினு ஆண்கள் 800 மீட்டரில் வெள்ளி பெற்றார். இடுக்கியின் முல்லக்கானத்தைச் சேர்ந்த பிரீஜா ஸ்ரீதரன், பாலக்காட்டில் ரயில்வே ஊழியராக இருந்தபடி, 2010 குவாங்சோவில் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50.47 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார்.

பள்ளி அளவில் பாலக்காட்டின் பரளி, முண்டூர், குமரம்புத்தூர் கல்லடி ஆகிய பள்ளிகள் பெயர் பெற்றவை. இடுக்கியின் மலைப் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாக வாசலாக இருந்தது எர்ணாகுளம் மாவட்டத்தின் கோதமங்கலம். மூணாறிலிருந்து மலையிறங்கி அடிமாலி வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வந்தால் மார் பேசில் பள்ளியும் செயின்ட் ஜார்ஜ் பள்ளியும் மார் அத்தனேசியஸ் கல்லூரியும் இருக்கும் ஊர் அது.

எல்லைப் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குக் கேள்வி இன்னும் சிக்கலானது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்து விவசாயக் குடும்பமும், தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பமும் பிள்ளையைத் தமிழ்வழிப் பள்ளியில் படிக்க வைத்திருக்கலாம். விளையாட்டுக்காக இடம் மாற்றினால் பாடமொழியும் மாறும். ஒரு பக்கம் கேரள விளையாட்டுக் கவுன்சிலின் ஹாஸ்டல்கள். மறுபக்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள். இவற்றையெல்லாம் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்க எண்ணைவிட எளிய வழி வேறு இல்லை. எண்ணின் கவர்ச்சியே அதுதான்.

புள்ளி எப்படிப் பிறக்கிறது

கேரளப் பள்ளித் தடகளத்தில் தனிநபர் போட்டியின் முதல் மூன்று இடங்களுக்கு முறையே 5, 3, 1 என்று புள்ளிகள் தரப்படுகின்றன. தொடர் ஓட்டத்துக்குப் புள்ளி அதிகம். இந்தப் புள்ளிகளைக் கூட்டினால் பள்ளியின் கணக்கும் மாவட்டத்தின் கணக்கும் கிடைக்கும். 2019இல் கண்ணூரில் நடந்த மாநிலப் போட்டியில் பாலக்காடு 201.33 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. மார் பேசில் 62.33 புள்ளிகளுடன் சிறந்த பள்ளியானது. ஓர் இடத்தை மூவர் பகிர்ந்துகொண்டால் புள்ளியும் மூன்றாகப் பிரியும்; தசமம் வருவது அப்படித்தான்.

இந்தத் தசமத்தைப் பார்ப்பவருக்கு அளவு மிக நுட்பமானது என்று தோன்றும். ஆனால் 5, 3, 1 என்ற விகிதம் ஓடுகளத்தில் தானாக விளைந்தது அல்ல, மனிதர் வகுத்த விதி. முதல் இடம் மூன்றாம் இடத்தைப்போல ஐந்து மடங்கு மதிப்புள்ளது என்று யாரோ ஒரு குழு தீர்மானித்திருக்கிறது. நான்காம் இடத்துக்கு மதிப்பே இல்லை என்றும் அதே விதி சொல்கிறது. 100 மீட்டரில் நூறு பேரைத் தாண்டி வந்தவருக்கும் ஆறே பேர் பங்கேற்ற ஒரு போட்டியில் வென்றவருக்கும் அதே ஐந்து புள்ளிதான். எண்ணை ஏற்பதற்கு முன் அதற்குப் பின்னால் இருக்கும் தீர்மானத்தை ஏற்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கல்லூரிப் பேஸ்பால் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. அங்கே முதல் பிரிவில் மட்டும் ஏறத்தாழ 300 கல்லூரி அணிகள் உண்டு. எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் மோத முடியாது. ஆகவே 64 அணிகளின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வு செய்யும்போது ஆர்.பி.ஐ. என்ற குறியீடு பயன்பட்டது. அதில் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்குக் கால் பங்குதான் இடம். எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்குப் பாதி. அந்த எதிரணிகளை எதிர்த்து ஆடியவர்களின் விகிதத்துக்கு மீதிக் கால் பங்கு. யாரை வென்றோம் என்பது எத்தனை முறை வென்றோம் என்பதைவிட முக்கியம் என்ற தீர்ப்பு அந்தச் சூத்திரத்துக்குள் இருக்கிறது. ஆனாலும் சேரப்போகும் மாணவனுக்கு அதனால் பாதி விடைதான் கிடைக்கும். தான் ஆடும் இடத்துக்கு அங்கே ஏற்கெனவே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், உதவித்தொகையில் தன் பங்கு எவ்வளவு என்பதை எந்தத் தரவரிசையும் சொல்லாது. நெடுங்காலம் அங்கே ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகை என்பதே உச்சவரம்பு. அதைப் பல வீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள்.

காட்சி, கருதல், உரை

ஒன்றை எப்படி அறிகிறோம் என்பதைச் சமய விவாதத்தின் முதல் படியாக வைத்தது இந்திய மரபு. மணிமேகலையின் 27ஆம் காதையில் சேர நாட்டு வஞ்சியில் மணிமேகலை பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கிறாள். அங்கே முதலில் பேசுபவன் அளவைவாதி. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரும் அளவை பற்றிய ஆராய்ச்சியோடுதான் தொடங்குகிறது. பிறர் சொல்லும் பல வகை அளவைகளையும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அது அடக்கிவிடுகிறது.

பள்ளித் தேர்வில் இந்த மூன்றும் வேலை செய்கின்றன. மைதானத்துக்குப் போய்ப் பயிற்சியைப் பார்ப்பது காட்சி. முன்பு அங்கே படித்தவர் சொல்வதைக் கேட்பது உரை. புள்ளிப் பட்டியலைப் பார்த்து “இந்தப் பள்ளி நன்றாகப் பயிற்சி தருகிறது” என்று முடிவுக்கு வருவது கருதல், அதாவது அனுமானம். பட்டியலில் இருக்கும் எண்ணைக் கண்ணால் பார்ப்பதால் அது காட்சி என்று பலர் மயங்குகிறார்கள். காட்சியில் கிடைப்பது “இத்தனை பேர் வென்றார்கள்” என்பது மட்டுமே. “பயிற்சியால் வென்றார்கள்” என்பது அதிலிருந்து நாம் கருதிக்கொள்வது. கருதலுக்கு உரிய சோதனைகளை அதற்கு வைத்தே ஆக வேண்டும்.

அந்தச் சோதனைகளில் முதன்மையானதை நியாய மரபு ‘உபாதி’ என்ற பெயரில் விளக்கியது. புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும் என்பது சரியான அனுமானம். நெருப்பு இருக்கும் இடத்திலெல்லாம் புகை இருக்கும் என்பது தவறு. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்பு புகைய வேண்டுமானால் ஈர விறகு வேண்டும். அந்த ஈர விறகுதான் உபாதி, கண்ணில் படாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் நிபந்தனை. உதயனர், கங்கேசர் முதலிய நையாயிகர்கள் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். இன்றைய புள்ளியியல் இரண்டு மாறிகளுக்கிடையே மறைந்து நின்று குழப்பும் மூன்றாவது காரணியைப் பற்றிப் பேசும்போது இதே சிக்கலைத்தான் எடுத்துக்கொள்கிறது.

“அந்தப் பள்ளியில் சேர்ந்தால் பதக்கம் வரும்” என்ற கூற்றின் ஈர விறகு, சேர்க்கையில் இருக்கிறது. ஏற்கெனவே மாவட்ட அளவில் வென்ற பிள்ளைகளையே ஒரு பள்ளி தேடித் தேடிச் சேர்க்கிறது என்றால், அவர்கள் அங்கே பெறும் பதக்கத்தில் எவ்வளவு பள்ளியால் வந்தது, எவ்வளவு அவர்களோடு வந்தது என்பது பட்டியலிலிருந்து தெரியாது. வேறு எங்கே சேர்ந்திருந்தாலும் அவர்களில் பலர் வென்றிருக்கக்கூடும். பெயர் பெற்ற பள்ளிக்குத் திறமையான பிள்ளைகள் தாமே வருகிறார்கள். அவர்கள் வருவதால் பெயர் வளர்கிறது. இந்தச் சுழற்சியில் பயிற்சியின் பங்கு சிறிதாக இருந்தாலும் புள்ளி பெரிதாகவே இருக்கும்.

பட்டியலில் இல்லாதவர்கள்

உபாதிக்கு அடுத்த குறை, எண்ணப்படாதவர்கள். பதக்கப் பட்டியல் வென்றவர்களின் பட்டியல். அதே ஆண்டில் சேர்ந்து, காலில் காயம் பட்டு வீடு திரும்பியவர் அதில் இல்லை. விடுதி ஒத்துவராமல் இரண்டாம் மாதமே வந்துவிட்டவர் இல்லை. மூன்று ஆண்டு ஓடியும் மாநில மீட்டுக்குத் தகுதி பெறாதவரும் இல்லை. சேரப்போகும் பிள்ளை வென்றவர்களைப் போல ஆவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டோ, திரும்பி வந்தவர்களைப் போல ஆவதற்கும் வாய்ப்பு உண்டு. வாய்ப்பைக் கணக்கிட மேலே இருக்கும் எண் மட்டும் போதாது, வகுக்கும் எண்ணும் வேண்டும்.

கற்பனையான ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு பள்ளி ஏற்கெனவே பதக்கம் வாங்கிய 40 பிள்ளைகளைச் சேர்த்து எட்டு பேரை மாநில அளவில் வெல்ல வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு பள்ளி சுற்றுவட்டாரத்தில் முதன்முறையாக ஓடவந்த 15 பிள்ளைகளைச் சேர்த்து மூன்று பேரை வெல்ல வைக்கிறது. பட்டியலில் எட்டுக்கும் மூன்றுக்கும் இடையே பெரிய தூரம். விகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஐந்தில் ஒன்று. தொடங்கிய இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டாவது பள்ளியின் உழைப்பே அதிகம்.

நிறுவனம் என்பதும் நிலையான பொருள் இல்லை. கோதமங்கலம் செயின்ட் ஜார்ஜ் பள்ளி 2018 மாநிலப் போட்டியில் 81 புள்ளிகளுடன் சிறந்த பள்ளியாக வந்தது. அங்கே நீண்ட காலம் பயிற்றுவித்த ராஜு பால் ஓய்வு பெற்றதை ஒட்டி, அடுத்த ஆண்டு கண்ணூரில் அந்தப் பள்ளி களத்திலேயே இல்லை. 2018 பட்டியலைப் பார்த்து 2019இல் ஒரு முடிவெடுத்தவருக்கு அந்த 81 எதையும் சொல்லியிருக்காது. பள்ளியின் பெயரில் எழுதப்படும் புள்ளி பெரும்பாலும் ஒரு பயிற்சியாளரின், ஒரு தலைமையாசிரியரின், சில ஆண்டுகளின் புள்ளி. எல்லாப் பொருளும் கணந்தோறும் மாறுகின்றன என்ற பௌத்தக் கொள்கை வேறு எங்கே பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் விளையாட்டு ஹாஸ்டலுக்குப் பொருந்தும்.

எதை எதோடு ஒப்பிடலாம்

நியாய மரபு ஒப்புமையையும் தனி அளவையாக ஏற்றது. காட்டுப் பசுவைப் பார்த்திராத ஒருவன், அது ஊர்ப் பசுவைப் போல இருக்கும் என்று கேட்டிருந்தால், காட்டில் அதைக் கண்டதும் இன்னதென்று அறிந்துகொள்கிறான். இந்த அறிவு பிறக்க எந்த வகையில் ஒத்திருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒத்த வகை தெரியாத ஒப்பீட்டில் அறிவு பிறப்பதில்லை, சச்சரவுதான் பிறக்கும்.

2024 நவம்பரில் கொச்சியில் நடந்த கேரளப் பள்ளி விளையாட்டு விழாவின் நிறைவு நாளில் இதுவே நடந்தது. தடகளத்தில் மலப்புறம் 247 புள்ளிகளுடன் முதன்முறையாகப் பட்டம் வென்றது. பாலக்காடு 213 புள்ளிகளுடன் இரண்டாவது. பள்ளிகளில் கடகசேரி ஐடியல் பள்ளிக்கு 80 புள்ளிகள். திருநாவாயா நாவாமுகுந்தா பள்ளிக்கு 44, மார் பேசிலுக்கு 43. ஆனால் 55 புள்ளி பெற்ற திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு இரண்டாம் இடம் அறிவிக்கப்பட்டது. அரசு நடத்தும் விளையாட்டுப் பள்ளியைப் பொதுப் பள்ளிகளின் வரிசையில் சேர்த்து எண்ணியது சரியில்லை என்று நாவாமுகுந்தாவும் மார் பேசிலும் போராட்டத்தில் இறங்கின. 55 என்பது 44ஐவிடப் பெரியது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இந்த இரண்டு எண்களும் ஒரே வரிசையில் நிற்கத் தக்கவையா என்பதே வழக்கு. அந்தக் கேள்விக்கு விடை எண்களுக்குள் இல்லை, நியாயம் எது என்ற தீர்மானத்தில்தான் இருக்கிறது.

தொடங்கிய இடத்தைக் கணக்கில் எடுப்பது என்ற கருத்துக்கு மத நூல்களில் பழைய சான்று உண்டு. கோதமங்கலத்திலும் பாலக்காட்டிலும் விளையாட்டை வளர்த்த நிறுவனங்களில் பல கிறிஸ்தவ சபைகள் நடத்துபவை. அவர்களுக்கு மிகவும் பழக்கமான உவமை அது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் எஜமானர் ஊழியர்களின் திறமைக்கேற்ப ஒருவனுக்கு ஐந்து தாலந்தும் ஒருவனுக்கு இரண்டும் ஒருவனுக்கு ஒன்றும் கொடுத்துச் செல்கிறார். ஐந்தைப் பத்தாக்கியவனுக்கும் இரண்டை நான்காக்கியவனுக்கும் கிடைக்கும் பாராட்டில் வேறுபாடே இல்லை. சேர்த்த தொகையைப் பாராமல், பெற்றதற்கேற்ப எவ்வளவு வளர்த்தான் என்று பார்க்கும் கணக்கு அது. அதே நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்துக்குக் காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி. அங்கே அளவே ஒதுக்கிவைக்கப்படுகிறது. உழைப்பின் வளர்ச்சியை அளக்க வேண்டிய இடமும், அளக்காமல் கொடுக்க வேண்டிய இடமும் வேறு வேறு என்று இரண்டையும் சேர்த்துப் படித்தால் விளங்கும். பயிற்சித் திறனை மதிப்பிடுவது முதல் வகை. விடுதியில் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய சோறும் மருத்துவமும் மரியாதையும் இரண்டாம் வகை. வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் அவை ஒன்றாகவே கிடைக்க வேண்டும்.

ஊழும் முயற்சியும்

திருக்குறள் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொல்கிறது. 62ஆம் அதிகாரத்தில் முயற்சியின் வலிமையைச் சொல்கிறது. இவை முரண்படுகின்றனவா என்று உரைகாரர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். விளையாட்டுத் தரவைப் படிப்பவருக்கு இரண்டும் ஒருசேர வேண்டும். எந்த முடிவிலும் முயற்சியின் பங்கும் உண்டு, நம் கையில் இல்லாததன் பங்கும் உண்டு.

பாலக்காட்டைச் சேர்ந்த நீளம் தாண்டும் வீரர் எம். ஸ்ரீசங்கர் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 8.08 மீட்டர் தாண்டினார். பஹாமாஸின் லக்வான் நெய்ர்னும் 8.08 மீட்டரே தாண்டினார். சிறந்த தாண்டல் சமமானால் இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்ப்பது விதி. நெய்ர்னுடையது 7.98, ஸ்ரீசங்கருடையது 7.84. தங்கம் நெய்ர்னுக்குப் போனது. இருவரும் தாண்டிய உச்ச தூரத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட வேறுபாடு இல்லை. பதக்கத்தை மட்டும் எண்ணும் கணக்கில் இது தங்கமும் வெள்ளியுமாகப் பிரிந்துவிடும். 1986 சோல் ஆசியப் போட்டியின் 800 மீட்டரில் ஷைனி முதலாவதாக ஓடி முடித்தும், உரிய இடத்துக்கு முன்பே தன் பாதையை விட்டு உள்ளே வந்ததற்காகத் தகுதி இழந்தார். அந்த ஓட்டத்தின் கணக்கில் அவருக்கு எதுவும் இல்லை. ஓடிய வேகம் அவரிடம் இருந்தது.

ஒரு போட்டியின் முடிவில் இத்தனை தற்செயல் கலந்திருக்கும்போது, ஓர் ஆண்டின் புள்ளியை வைத்து இரண்டு பள்ளிகளில் எது மேல் என்று சொல்ல முடியாது. பல ஆண்டுகளின் போக்கைப் பார்த்தால் தற்செயல் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும், முயற்சியின் தடம் தெரியத் தொடங்கும். ஊழ் எதிர்த்து நின்றாலும் உழைப்பு முற்றிலும் வீணாவதில்லை, அதற்குரிய கூலியைத் தரும் என்பது குறளின் நிலைப்பாடு. அந்தக் கூலி பதக்கமாகத் தெரியாமல், ஒரு பிள்ளையின் 800 மீட்டர் நேரம் ஆண்டுக்காண்டு சில விநாடி குறைவதில் தெரியும்.

எண்ணும் தீர்ப்பும்: சித்ராவின் வழக்கு

எண்ணை எதிர்த்து இன்னோர் எண் நின்றால் என்ன செய்வது என்பதற்கு முண்டூரின் பி.யு. சித்ரா கண்முன் இருக்கும் சான்று. விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, முண்டூர் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் என்.எஸ். சிஜினிடம் பயிற்சி பெற்றவர் அவர். 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். நேரம் 4 நிமிடம் 17.92 விநாடி. அடுத்த மாதம் லண்டனில் உலகப் போட்டி. அதற்கு வைத்திருந்த நுழைவு நேரம் 4 நிமிடம் 7.50 விநாடி. ஆசியச் சாம்பியன் என்ற முறையில் அவர் தகுதி பெறலாம் என்று ஒரு வாதம். அவருடைய நேரம் உலகத் தரத்தை எட்டவில்லை என்று இந்தியத் தடகளச் சம்மேளனத்தின் வாதம். அணியில் அவர் பெயர் இல்லை. சித்ரா கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் அவரைச் சேர்க்கச் சொன்னது. காலக்கெடு முடிந்துவிட்டதால் சர்வதேசச் சம்மேளனம் ஏற்கவில்லை.

இரு தரப்பும் எண்ணை வைத்துத்தான் பேசின. ஒரு தரப்புக்கு இடம் பெரிது, மற்றதற்கு நேரம் பெரிது. நடு ஓட்டப் போட்டிகளில் இந்த இரண்டும் அடிக்கடி பிரிந்து நிற்கும். பதக்கத்துக்காக ஓடுகிறவர்கள் முதலில் வேகத்தை அடக்கிக் கடைசிச் சுற்றில் முந்துவார்கள்; நேரம் மெதுவாக இருக்கும், வெற்றி வெற்றியாகவே இருக்கும். எந்த எண்ணுக்கு முதலிடம் என்று எந்த எண்ணாலும் சொல்ல முடியாது. அதைச் சொல்ல ஒரு மனிதர் அல்லது ஒரு குழு பொறுப்பேற்க வேண்டும். காரணத்தையும் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சித்ரா 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 1500 மீட்டரில் வெண்கலமும், 2019 தோஹாவில் மீண்டும் ஆசியத் தங்கமும் பெற்றார்.

பிள்ளை யாருக்காக

மூன்றாவது கேள்வி நன்மை பற்றியது. 1975இல் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் நாணயக் கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து பின்னர் எல்லாத் துறைக்கும் பரவியது. ஓர் அளவையே இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவாக இருக்க முடியாது என்பது அதன் சாரம். புள்ளியே இலக்கானால் பயிற்சியாளருக்குச் சில ஆசைகள் எழும். பிள்ளைக்குப் பிடித்த போட்டியை விட்டு, போட்டியாளர் குறைந்த ஒன்றில் இறக்கலாம். பதினான்கு வயது உடம்பில் பதினெட்டு வயதுக்கான பயிற்சியைத் திணிக்கலாம். காயத்தோடு ஓட வைக்கலாம். இந்தியச் சிறார் விளையாட்டில் வயதைக் குறைத்துக் காட்டும் பழக்கம் பழைய நோய். எலும்புச் சோதனை வரை வைத்தும் முழுதும் ஒழியவில்லை. இவை எல்லாமே பட்டியலில் பள்ளியை மேலே ஏற்றும். பிள்ளையை மேலே ஏற்றாது.

1785இல் வெளிவந்த ஓர் ஒழுக்கவியல் நூலில் இம்மானுவேல் கான்ட் விலையையும் கண்ணியத்தையும் பிரித்தார். விலை உள்ள ஒன்றுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். கண்ணியம் உள்ளதற்கு ஈடு கிடையாது. ஐந்து புள்ளி தரும் ஓட்டக்காரனுக்கு ஈடாக ஐந்து புள்ளி தரும் இன்னொருவனைப் பள்ளி சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஈடாக இன்னொரு பிள்ளையைக் கொடுக்க முடியாது. கிரேஸ் மார்க், ப்ளஸ் ஒன் ஸ்போர்ட்ஸ் கோட்டா, ரயில்வே வேலை என்று விளையாட்டு ஓர் ஏழைக் குடும்பத்துக்குத் திறந்துவிடும் கதவுகள் உண்மையானவை. அவற்றை இழிவாகப் பேசுவது வசதி உள்ளவரின் சொகுசு. ஆனால் அந்தக் கதவுகள் பிள்ளைக்காகத் திறக்கின்றனவா, பிள்ளை பட்டியலுக்காக ஓடுகிறதா என்று கேட்பது பெற்றோரின் கடமை.

தரவைப் பயன்படுத்தும் முறை

இத்தனையும் எண்ணைத் தூக்கி எறியச் சொல்வதாகாது. எண் இல்லாத இடத்தில் செல்வாக்கும் வாய்ப்பேச்சும் ஆட்சி செய்யும்; நேரக் கருவி சாதியும் மொழியும் பார்ப்பதில்லை. தெரிந்து தெளிதல் என்ற 51ஆம் அதிகாரத்தில் குறள் குணத்தையும் குற்றத்தையும் தேடிப் பார்த்து எது மிகுதி என்று முடிவு செய்யச் சொல்கிறது. அதற்கு அடுத்த அதிகாரம், இன்ன வேலையை இன்ன வழியால் இவர் முடிப்பார் என்று ஆராய்ந்தபின் அதை அவர் பொறுப்பில் விடச் சொல்கிறது. ஆராய்ச்சி, பிறகு நம்பிக்கை என்ற இந்த வரிசை பள்ளித் தேர்வுக்கு அப்படியே பொருந்தும்.

ஆராய வேண்டியவை இவை. கடந்த ஐந்து ஆண்டுகளில் விளையாட்டுக்காகச் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் படிப்பு முடியும்வரை தங்கியவர் எத்தனை பேர். சேர்ந்த நாளில் அவர்களுடைய நேரமோ தூரமோ என்ன, விட்டுப் போகும்போது என்ன. பிள்ளை ஆடும் அதே போட்டிக்குத் தனிப் பயிற்சியாளர் உண்டா, அவர் நிரந்தரமானவரா. ஓர் ஆண்டில் எத்தனை பேருக்குக் காயம், சிகிச்சைக்கு யார் பொறுப்பு. ப்ளஸ் டூ முடித்தவர்கள் எந்தக் கல்லூரிக்குப் போனார்கள், விளையாட்டை விட்டவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு மலையாள வகுப்பில் கைகொடுக்க ஆள் உண்டா. இவற்றில் பாதி எண்ணால் விடை சொல்லக்கூடியவை. மீதியை மைதானத்திலும் மெஸ்ஸிலும் நேரில் பார்த்தும், அங்கிருந்து திரும்பிவந்த பிள்ளைகளிடம் கேட்டும்தான் அறிய முடியும். வென்றவர் சொல்லும் உரையைவிட விட்டு வந்தவர் சொல்லும் உரைக்கு இங்கே எடை அதிகம், ஏனென்றால் அவருடைய குரல் வேறு எந்தப் பட்டியலிலும் பதிவாவதில்லை.

முடிவெடுக்கும்போது மூன்று கேள்விகளையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். புள்ளிப் பட்டியல் முதல் கேள்விக்கு ஓரளவு விடை தரும். இரண்டாவதற்குச் சேர்ந்தவர்களின் முழுப் பட்டியலும் அவர்களுடைய வளர்ச்சிக் கணக்கும் வேண்டும். மூன்றாவதற்குப் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும். நல்ல பயிற்சி தரும் இடத்துக்கு இந்தக் கணக்குகளைக் காட்டுவதில் தயக்கம் இருக்கக் காரணமில்லை. சேர்ந்தவர்கள் எத்தனை பேர், விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல மறுக்கும் ஹாஸ்டலில், அதன் அலமாரியில் எத்தனை கோப்பை இருந்தாலும், பிள்ளையைச் சேர்க்கக் கூடாது.